டாக்டர் எஸ்தர் எனக்கு விட்டுவைக்காத கேள்வி

1. நான், க. தணிகாசலம், மலேசியாவின் கிள்ளானில் தொழில் நடத்தும் வழக்கறிஞர். மறைந்த டாக்டர் எஸ்தர் ராஜமணி, அரசுத் தரப்பின் நச்சியல் நிபுணர். நான் பெரும்பாலும் எதிர்த்தரப்பு.

2. கீழ்க்கண்டவை நான் நேரில் அறிந்தவை. அவர்மீது எனக்குப் பொறாமை உண்டு. வாசிப்போர் அதையும் கருத்தில் கொள்க.

பெட்டாலிங் ஜெயா சாலை நெரிசலில் நின்றபோது நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் மேரி அழைத்தார். "டாக்டர் எஸ்தர் தவறிட்டாங்க, சார். நாளைக்கு பிரிக்பீல்ட்ஸ் சர்ச்ல நல்லடக்கம் வெச்சிருக்காங்க." இரங்கல் உரை யாருடையது என்றுதான் முதலில் கேட்டேன். "நீங்களும் பேசலாம் சார், சுருக்கமாலா."

நாங்கள் எதிரெதிரே நின்ற பழைய வழக்கு ஒன்றில், என் கட்சிக்காரரான லோரி ஓட்டுநர் குமரன், நண்பருக்கு ஃபென்டனில் என்ற கடும் வலிநிவாரணி கலந்த மாத்திரை கொடுத்து மரணம் விளைவித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டிருந்தார். இரத்தத்தில் இருந்த அளவு உயிரைப் பறிக்கக்கூடியது என்பது அரசுத் தரப்பின் வாதம். ஆய்வறிக்கையோ, மாதிரி இதய இரத்தம் என்றது. இறந்தபின் உறுப்புகளிலிருந்து மருந்து கசிந்து இதய இரத்தத்தில் அதன் அளவைக் கூட்டிவிடலாம். காலின் சிரையிலிருந்து எடுத்த இரத்தமே ஓரளவு நம்பத்தக்கது. அந்த ஒரு கேள்வியை நோக்கி என் குறுக்கு விசாரணை முழுவதையும் அடுக்கி வைத்திருந்தேன்.

நான் எழுவதற்கு முன்பே சாட்சிக் கூண்டிலிருந்த டாக்டர் எஸ்தர் கூறினார்: "கனம் நீதிபதி அவர்களே, இது இதய இரத்தம். இந்த அளவை வைத்து, மருந்தால்தான் இறந்தார் என்று நான் கூற மாட்டேன்."

குமரன் விடுதலையானார். நான் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை.

நீதிமன்றக் கேண்டீனில் அவரிடம் குறைப்பட்டேன். "என் கேள்விக்கும் நீங்களே பதில் சொல்லிட்டா, நான் எதுக்கு டாக்டர்?"

"நீங்க கேக்க மறந்துட்டா அவன் உள்ள போயிருவான்லா. தே தாரே ஆறுது, குடிங்க." நுரைத்த தேநீரை என் பக்கம் நகர்த்தினார்.

நான் மறந்திருக்க மாட்டேன். இதை இன்றும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

அந்த ஆண்டுத் தீபாவளிக்குக் குமரனின் தாயார் அன்னலெட்சுமி முறுக்கு டின்னோடு என் அலுவலகத்துக்கு வந்தார். கை நீட்டினேன். அவர் டின்னை மடியில் வைத்துக்கொண்டார். "இது டாக்டரம்மாவுக்கு, சார். பிரிக்பீல்ட்ஸ்ல அவங்க வீடு எங்கனு கேக்கத்தான் வந்தேன்."

டாக்டரின் நல்லடக்கத்தில் அன்னலெட்சுமி டாக்டரின் குடும்பத்தாரோடு முன்வரிசையில் அமர்ந்திருந்தார். எனக்குத் தூணருகே இடம் கிடைத்தது.

டாக்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, "இரத்தம் எங்கிருந்து எடுத்தது?" என்ற அந்தக் கேள்வி. சென்ற வாரம் இதுபோன்ற வேறொரு வழக்கில் அதைக் கேட்க எழுந்தேன். சாட்சிக் கூண்டிலிருந்தவர் டாக்டரிடம் பயின்ற வேதியியலாளர். நான் வாய் திறக்குமுன் அவர் நீதிபதியை நோக்கித் திரும்பினார்: "முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும், இது இதய இரத்தம்."

அமர்ந்துவிட்டேன்.

(ஒப்பம்) க. தணிகாசலம்

சாட்சிகள்:
மேரி சூசை, மொழிபெயர்ப்பாளர்
அன்னலெட்சுமி, குமரனின் தாயார்