கரண்ட் போனபோது படித்த பத்திரிகை

குமாரபாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் விசைத்தறிகள் ஓடின. ஓடும்போது பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்காது. அதனால் பெண்களுக்கான ஒரு வார இதழை நாங்கள் படித்தது கரண்ட் போன நேரங்களில்தான். தறி நின்றதும் அம்மாவும் வேலைக்கு வரும் அக்காமார்களும் வாசலில் உட்காருவார்கள். நான் சத்தமாக வாசிப்பேன்.

நான் நெசவுத் தொழில்நுட்பத்தில் டிப்ளமா முடித்திருந்தேன். பள்ளிபாளையத்தில் ஒரு மில்லில் நூல் சோதிக்கும் வேலை வந்தது. அப்பா தயங்கினார். அம்மா அந்த இதழின் தொடர்கதைப் பக்கத்தை அவர் முன்னால் விரித்தாள்.

"இதுல வர்ற புள்ள பாலமே கட்டறாளுங்க. நம்ம புள்ள நூலைச் சோதிச்சா ஆகாதா?"

நான் வேலையில் சேர்ந்தேன். அப்படியென்றால் அது பெண் விடுதலைப் பத்திரிகையா? மனதுக்குள் பட்டியல் போட்டுப் பார்த்தேன். வரதட்சணைக்கு எதிராகக் கட்டுரை. எதிர்ப்பக்கத்தில் சிவப்பழகு கிரீம். ஃப்யூஸ் போடுவது எப்படி என்று படத்தோடு விளக்கம். அடிக்கிற கணவனைப் பற்றி எழுதிக் கேட்டவளுக்கு, "பொறுமையாக இருங்கள் சகோதரி." கூட்டிக் கழித்துப் பார்த்தால் அது எந்தப் பக்கமும் நிற்கவில்லை.

தொடர்கதையின் கடைசி வாரத்தில், பாலம் கட்டிய அந்தக் கதாநாயகி கல்யாணத்துக்காக ராஜினாமா செய்தாள்.

"அட கருமமே, உட்டுட்டாளா?" என்றார் தறி ஓட்டும் அக்கா ஒருவர். "அவ புருசன் காரு வெச்சிருக்கறான். நம்முளுது வெச்சிருக்கறது பீடிக்கட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. திருச்செங்கோட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

வந்த மாப்பிள்ளையின் அம்மாவும் அதே இதழைப் படிப்பவர். "வேலை எதுக்குங்க? அந்தக் கதையில வர்றவளே உட்டுட்டாளே?"

அம்மா கொஞ்சமும் கூசாமல், "அது கதைங்க. கதையப் பாத்தா குடும்பம் நடத்தறது?" என்றாள்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "அதுஞ் சரிதான். ஒரு கொழந்த ஆகற வரைக்கும் போகட்டும் சாமி."

"ஆகட்டுங்க" என்றாள் அம்மா.

அவர்கள் கிளம்பியதும் அம்மா உள்ளே ஓடி வந்தாள். "கேட்டியா அம்மணி? ஒத்துக்கிட்டாங்க!"

வேலை நிலைத்ததா, அதற்குக் கெடு வைத்தார்களா என்று எனக்குப் புரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அம்மாவின் முகம் சுருங்கியது. "இன்னும் என்னதான் வேணுங்கறே?"

 சரி என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.