விசாரணை வீட்டுக் கார்

அந்தத் தெருவில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். "விசாரணை கடை எது?" என்று கேட்டால் போதும், பல் துலக்கிக்கொண்டிருப்பவர்கூட வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து வழி சொல்வார். கார்களின் மின்சாரக் கோளாறு பார்ப்பது அவர் தொழில். கேள்வி கேட்பது அவர் வியாதி.

கார் கிளம்பவில்லை என்று யாராவது வந்தால் மற்ற மெக்கானிக்குகள் முதலில் பானட்டைத் திறப்பார்கள். விசாரணை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, காரின் சொந்தக்காரரை உட்கார வைப்பார். நேற்று சாயங்காலம் கடைசியாக எங்கே போனீர்கள், எத்தனை மணிக்கு நிறுத்தினீர்கள், யார் யார் இறங்கினார்கள், எந்தக் கதவு வழியாக, இறங்கும்போது கையில் என்ன இருந்தது என்று ஆரம்பிப்பார். பதில் முழுசாக வரும்வரை ஸ்பானரைத் தொடமாட்டார். பக்கத்துக் கடைக்காரர்கள் அந்த ஸ்டூலுக்குச் சாட்சிக் கூண்டு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"வண்டிக்கு வாய் கிடையாது, சொந்தக்காரருக்கு இருக்கு. இருக்கிற வாயை விட்டுட்டு நான் எதுக்கு பானட்டைத் திறக்கணும்?" என்பார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த வியாதிக்குப் பலனும் இருந்தது. ஒருமுறை ஒரு தையல்காரர் வந்தார். கியர் தானாகவே மாறுகிற பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். தனியாகப் போனால் கிளம்புகிறது, மனைவி ஏறினால் மட்டும் சாவியைத் திருப்பினாலும் செத்த பிணமாகக் கிடக்கிறது என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் அவ்வளவாக இல்லை. இரண்டு கடைகளில் பேட்டரி மாற்றியாகிவிட்டது. விசாரணை அரை மணி நேரம் குடைந்தார். அந்த அம்மா ஏறியதும் தன் கைப்பையை இரண்டு சீட்டுக்கும் நடுவில் வைப்பார் என்று தெரிந்தது. பை சாய்ந்து கியர் கம்பியை ஒரு நூல் நகர்த்திவிடும். கியர் நிறுத்தும் இடத்தில் சரியாக இல்லாவிட்டால் அந்த வகைக் கார் கிளம்பாது. "பையை மடியில வச்சுக்கச் சொல்லுங்க" என்பதோடு வைத்தியம் முடிந்தது. தையல்காரர் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் வீட்டுக்குப் போனார்.

இப்பேர்ப்பட்ட ஆளின் வீட்டுக் காரே ஒருநாள் கிளம்ப மறுத்தது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில்.

அது அவர் மனைவியின் கார். தெரு அவரை நர்ஸம்மா என்று கூப்பிடும். எழுந்து நடமாட முடியாதவர்களின் வீடு தேடிப்போய் ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்றி, மாத்திரையை எண்ணி வைத்துவிட்டு வருவது அவர் வேலை. காலையில் ஆறு வீடு, மத்தியானம் நாலு வீடு. எல்லாமே பக்கம் பக்கம். காலை ஆறரைக்கு முதல் ஊசி, சர்க்கரை வியாதியுள்ள ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு. அது இறங்கிய பிறகுதான் அவர் சாப்பிடலாம். பதினோரு வருஷம் ஆஸ்பத்திரி வார்டுக்குள்ளேயே நின்று கால் வீங்கிய நர்ஸம்மாவுக்கு இந்த வேலை கிடைத்தது பெரிய சந்தோஷம். ஒன்பது வருஷப் பழைய நீலக் கார் ஒன்றை அதற்காகவே தேடி எடுத்தார். விசாரணை அதைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்து, "தங்கமான வண்டி" என்று சான்றிதழும் கொடுத்தார்.

இரண்டே மாதத்தில் தங்கம் பல்லைக் காட்டியது. வாரத்துக்கு ஒருநாள், சில வாரம் இரண்டு நாள், காலையில் சாவியைத் திருப்பினால் டிக்டிக்டிக் என்று மட்டும் சத்தம். ஒரே ஒரு டக் என்றால் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சந்தேகப்படலாம். சத்தமே இல்லையென்றால் வயரைத் தேடலாம். டிக்டிக் என்றால் பேட்டரியில் சரக்கில்லை என்று அர்த்தம். விசாரணை ஸ்கூட்டரில் கடைக்கு ஓடி வேறு பேட்டரி கொண்டுவந்து, வயர் மாட்டிக் கிளப்பிக் கொடுப்பதற்குள் அரை மணி போய்விடும். தபால்காரர் பசியோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

விசாரணை விடவில்லை. புது பேட்டரி மாற்றினார். முனைகளைச் சுரண்டிப் பளபளப்பாக்கினார். டைனமோ சரியாகச் சார்ஜ் ஏற்றுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தார், ஏற்றியது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கரண்ட் எங்கேயாவது கசிகிறதா என்று ஒரு ஃபியூஸ் விடாமல் பிடுங்கிப் பார்த்தார், கசியவில்லை. ஸ்டார்ட்டரைக்கூடக் கழற்றி மாட்டினார். இருந்தும் அடுத்த புதன்கிழமை டிக்டிக்டிக். தினமும் ராத்திரி சார்ஜரில் போட்டுவிட்டால் ஆச்சு என்று யாரோ யோசனை சொன்னதற்கு, இரண்டு நாள் அந்த ஆளோடு பேசவில்லை. நோய் தெரியாமல் மருந்து கொடுப்பது அவருக்கு மானப் பிரச்சினை.

வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் வண்டி படுத்தது. அன்று சாயங்காலம் தலைமை நர்ஸ் கூப்பிட்டு, இது இரண்டாவது எச்சரிக்கை, இன்னொரு தடவை தாமதமானால் வீடுகளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு உங்களை வார்டுக்கே அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். நர்ஸம்மா அதை வீட்டில் வந்து சொன்னபோது அழவில்லை, கத்தவில்லை. தட்டுகளைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

சனிக்கிழமை நர்ஸம்மாவுக்கு விடுமுறை. பத்து மணிக்கு நீலக் கார் கடை வாசலில் வந்து நின்றது. விசாரணை பானட்டைத் திறக்க எழுந்தார். நர்ஸம்மா நேராகப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்னம்மா இது?"

"நான் உங்க சம்சாரமா வரலை. கஸ்டமரா வந்திருக்கேன். கேளுங்க."

"உன்கிட்ட கேக்கறதுக்கு என்ன இருக்கு? எல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதானே."

"தெரிஞ்சா ரெண்டு மாசமா வண்டி ஏன் நிக்குது?" என்றார் நர்ஸம்மா. "ஊர்ல இருக்கிறவங்ககிட்டல்லாம் பையில என்ன வச்சிருந்தீங்கன்னு கேக்கறீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? இன்னிக்கு நீங்க கேக்கலைன்னா நான் எதிர்ச்சாரிக் கடைக்குப் போயிடுவேன்."

எதிர்ச்சாரிக் கடைக்காரர் எதையுமே கேட்காமல் பேட்டரியை மாற்றி அனுப்புகிறவர். அங்கே தன் வீட்டு வண்டி போய் நிற்பதை நினைத்ததும் விசாரணைக்கு வியர்த்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"சரி. வியாழக்கிழமை கடைசியா எங்க போனே?"

"கட்டு மாத்தற வீடு. அந்த மாடி வீட்டுக்காரம்மா. கட்டே வேணாம்னு தலகாணியைத் தூக்கி என் மேல எறிஞ்சாங்க."

"எத்தனை மணிக்குக் கிளம்பினே?"

"அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்."

"அங்கேருந்து நம்ம வீடு பத்து நிமிஷம். அஞ்சு மணிக்கு வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்திட்டே."

நர்ஸம்மா சுவரில் மாட்டியிருந்த ஸ்குரூ டிரைவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இந்தப் பார்வையை விசாரணை நூறு பேரிடம் பார்த்திருக்கிறார். கோளாறு பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் தன் மனைவியின் முகத்தில் பார்த்தபோது சந்தோஷம் வரவில்லை, லேசாகப் பயம்தான் வந்தது.

"எத்தனை மணிக்கு வாசலுக்கு வந்தே?"

"ஆறு."

"நடுவுல ஒரு மணி நேரம்?"

"தெருமுனையில அந்தப் பெரிய மரம் இருக்குல்ல, அதுக்குக் கீழ நிறுத்திட்டு உட்கார்ந்திருந்தேன்."

"யார்கூட?"

"யார்கூட உட்காருவாங்க? நானும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும்."

அதற்குப் பிறகு கேள்வி கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, எல்லாம் தானாக வந்தது. வண்டியை அணைத்துவிடுவாராம், பெட்ரோல் வீணாகக்கூடாதே. சாவியைப் பாதி திருப்பி வைத்துக்கொண்டு ரேடியோவில் பாட்டுக் கேட்பாராம். புழுக்கமாக இருப்பதால் உள்ளே இருக்கும் காற்றாடி முழு வேகத்தில் ஓடும். மேல் விளக்கைப் போட்டு வாரப் பத்திரிகை படிப்பாராம். எல்லா நாளும் ஒரே அளவு இல்லை. நல்ல நாள் என்றால் கால் மணி, தலையணை வந்து விழுந்த நாள் என்றால் ஒரு மணி. பிறகு வண்டியைக் கிளப்பி, இருநூறடி ஓட்டி, வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வருவாராம்.

விசாரணையின் மூளை வழக்கம்போலக் கணக்குப் போட்டது. பகலெல்லாம் வீட்டுக்கு வீடு நின்று நின்று ஓடுகிற வண்டி, பேட்டரி முழுசாக நிரம்ப நேரமே கிடையாது. அதில் காற்றாடி ஒரு மணி நேரம் உறிஞ்சினால், கடைசியில் ஒரு ஸ்டார்ட்டும் கொடுத்து இருநூறடி மட்டும் ஓட்டினால், காலையில் டிக்டிக் சொல்லாமல் வேறு என்ன சொல்லும்? கிளம்பாத நாள்களையும் தலையணை நாள்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை.

கோளாறு கிடைத்த சந்தோஷத்தில் ஒரு நிமிஷம் அவர் கணவராகவே இல்லை. அப்புறம்தான் உறைத்தது.

"வீட்டுக்கு வந்து உட்கார வேண்டியதுதானே? நாற்காலியா இல்ல?"

"நாற்காலி இருக்கு. உட்கார விடறது யாரு?" என்றார் நர்ஸம்மா. குரலில் கோபம் இல்லை. "செருப்பைக் கழட்டறதுக்குள்ள பெரியவன் கணக்கு நோட்டைக் காணோம்பான். சின்னவ பசிக்குதும்பா. நீங்க ஃபோன் பண்ணி அந்த ரசீதை எங்க வச்சேன்னு கேப்பீங்க. பத்து வீட்டுல வலிக்குது வலிக்குதுன்னு கேட்டுட்டு வர்றேன். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் கேக்காத இடம் வேணும்னு இருந்தது. அது அந்த மரத்தடிதான். எனக்கு உங்க எல்லார் மேலயும் பிரியம்தான். அது வேற, இது வேற."

ஊர் முழுக்கக் கேள்வி கேட்டுப் பேர் வாங்கிய மனுஷனுக்கு வெட்கமாக இருந்தது. யாரோ ஒரு தையல்காரரின் மனைவி பையை எங்கே வைப்பாள் என்று அவருக்குத் தெரியும். தன் மனைவி தினமும் சாயங்காலம் எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை.

வேறு எந்த வாடிக்கையாளராக இருந்தாலும் அடுத்து சொல்லவேண்டிய வாக்கியம் ஒன்றுதான். இனிமேல் அப்படி உட்காராதீங்க, பேட்டரி தாங்காது. வாய்வரை வந்துவிட்டது. நர்ஸம்மாவும் அதற்குத்தான் காத்திருந்தார், தலையாட்டத் தயாராகக்கூட இருந்தார். விசாரணை அதை முழுங்கிவிட்டு எழுந்தார்.

"வண்டியில பழுது எதுவும் இல்ல" என்றார்.

"அப்போ என்ன பண்ணப் போறீங்க?"

"நீ உட்கார்றதுக்கு ஏற்பாடு பண்ணப் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்வரை வேலை நடந்தது. டிக்கியின் மூலையில் இரண்டாவதாக ஒரு சின்ன பேட்டரியை இறக்கினார். ரேடியோ, காற்றாடி, மேல் விளக்கு மூன்றின் வயரையும் பிரித்து அதில் சேர்த்தார். வண்டி ஓடும்போது இரண்டும் நிரம்பும், நின்ற பிறகு சின்னது எவ்வளவு காலியானாலும் பெரியதைத் தொடாது. வாரக் கடைசியில் சின்னதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் நிரப்பி வருவது தன் பொறுப்பு என்றார். "படிக்கிற விளக்கையும் கொஞ்சம் பெரிசா போட்டிருக்கேன்" என்று சேர்த்துக்கொண்டார். நர்ஸம்மா அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த கரியைத் துடைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குச் சாவி திரும்பியதும் நீலக் கார் ஒரே உறுமலில் கிளம்பியது. ஆறரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே தபால்காரர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

அன்று விசாரணை நாலரைக்கே கடையை மூடிவிட்டார். இந்த அதிசயத்தைப் பார்க்கப் பக்கத்துக் கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். வீட்டுக்குப் போய்ப் பெரியவனின் கணக்கு நோட்டைக் கட்டிலுக்கு அடியிலிருந்து தேடி எடுத்தார். சின்னவளுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தார். ஐந்து மணிக்கு நீலக் கார் வந்தது. மரத்தடியில் நிற்கவில்லை, வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. எஞ்சின் அடங்கியது. மூடிய கண்ணாடிக்குப் பின்னால் மெல்லிசாகப் பாட்டு ஆரம்பித்தது, மேல் விளக்கு எரிந்தது.

சின்னவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அப்பா, அம்மா வந்தாச்சு" என்று வாசலுக்கு ஓடினாள். விசாரணை ஓடிப்போய்க் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"கார்தாம்மா வந்திருக்கு" என்றார். "அம்மா ஆறு மணிக்கு வருவாங்க."