கொழுப்பில்லாத இரண்டு நாள்

தீனி போடுபவர் என்பதால் ஆய்வகத்தில் அவரைத் தீனிக்காரர் என்றே அழைப்பார்கள். கல்லீரல் உயிரணுக்களைத் தட்டுகளில் வளர்ப்பதும், ஒருநாள் விட்டு ஒருநாள் அவற்றின் வளர்ப்புநீரை மாற்றுவதும் இருபத்தாறு ஆண்டுகளாக அவருடைய வேலை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் போய்விடுவார்.

"வீட்டுல நாம நாலு பேருதான். அங்க கோடிக்கணக்குல காத்திருக்கு; நம்ம முறை எப்ப வரப்போகுது?" என்று மனைவி பிள்ளைகளிடம் சொல்வதுண்டு.

அந்த ஆண்டு ஆய்வு மாணவி ஒருவர், கொலஸ்டிராலைத் தயாரிக்கும் நொதி ஒன்றின் மரபணுவை ஆராய்ந்துவந்தார். வெளியிலிருந்து கொலஸ்டிரால் தாராளமாகக் கிடைக்கும்வரை உயிரணு அந்த மரபணுவை அடக்கியே வைத்திருக்கும். வரத்து நின்றால் முடுக்கிவிடும். இதைக் காட்டுவதற்கு, உயிரணுக்களுக்கு இரண்டு நாள், கொழுப்பு நீக்கிய சீரம் (இரத்தத்திலிருந்து பிரித்த ஊட்டநீர்) மட்டுமே கொடுக்க வேண்டும். இருமுறை செய்தும் மரபணு அசையவில்லை. மூன்றாம் முறையும் அசையாவிட்டால் ஆய்வை நிறுத்திவிடுவதாகத் துறைத்தலைவர் சொல்லியிருந்தார்.

மூன்றாம் முறையும் அசையவில்லை.

மாணவி தம் மேசையைக் காலிசெய்வதைத் தீனிக்காரர் கண்டார். நேரே தலைவரின் அறைக்குப் போனார்.

"சார், நான்தான் ஊத்தினேன்."

"எதை?"

"சாதா சீரம், கொழுப்பு எடுக்காதது. முதல் நாள் சாயங்காலமே செல்லெல்லாம் சுருங்கின மாதிரி தெரிஞ்சுது. மனசு கேக்கலை."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும் சுருங்குச்சே, சார்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப மரபணு ஒழுங்காத்தான் நடந்திருக்கு. சாப்பாடு கிடைச்சுது, சும்மா இருந்துச்சு. நீங்கதான் சும்மா இருக்கலை."

மாணவிக்கு மேலும் ஒரு வாரம் கிடைத்தது. தீனிக்காரரிடமிருந்து வளர்ப்பறைச் சாவி வாங்கப்பட்டது. குடுவை கழுவும் தொட்டிக்கு அவர் மாற்றப்பட்டார்.

"ஏண்ணே, என்னைப் பார்த்து மனசு கேக்காம போயிருக்கக் கூடாதா? ஆறு மாசமா நானும்தான் சுருங்கிட்டிருந்தேன்," என்றார் மாணவி.

"நீங்க கேன்டீனுக்குப் போவீங்களேம்மா."

அந்த வாரம் முழுவதும் அவர் வளர்ப்பறைப் பக்கம் போகவில்லை. போய்வருபவர்களிடம் மட்டும் நாளுக்கு நான்குமுறை உயிரணுக்களின் நலம் விசாரித்தார். வெள்ளிக்கிழமை பிற்பகல், மாணவி கையில் வரைபடத்துடன் தொட்டியருகே ஓடிவந்தார்.

"ஆறு மடங்கு ஏறியிருக்குண்ணே! ஆய்வைத் தொடரலாம்னு தலைவர் கையெழுத்தே போட்டுட்டாரு!"

"நல்லதும்மா. அளந்தது போக மிச்சத் தட்டு எத்தனை?"

"ரெண்டு."

"அதுக்காவது ஏதாவது ஊத்தினீங்களா?"

"ஊத்தியாச்சு."

தீனிக்காரர் அடுத்த குடுவையை எடுத்தார்.