ரெண்டும் பதினெட்டு

ஆம்பூரில் நாங்கள் குடியிருந்தபோது, நான் நாலாம் வகுப்பு முடிக்கும் சமயத்தில், அப்பாவின் சைக்கிள் பின்சக்கரத்தில் என் இடது கால் மாட்டிக்கொண்டது. கணுக்கால் எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று பார்த்தால் அது என் காலாகவே இல்லை. கெண்டைக்கால் மெலிந்து, தோல் வெளுத்து, கணுக்கால் மட்டும் உருண்டையாக வீங்கியிருந்தது.

அதைச் சரியாக்கும் பொறுப்பை அப்பாவின் தங்கை எடுத்துக்கொண்டாள். அத்தைக்கு ஷூ கம்பெனியில் வேலை. மூன்று வருடம் தையல் லைனில் இருந்தவளை அந்த வருடம்தான் சாம்பிள் செக்‌ஷனுக்கு மாற்றியிருந்தார்கள். எந்தப் புது மாடலும் முதலில் அங்கேதான் உருவாகும். அத்தைக்கு அதில் அவ்வளவு பெருமை. ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவாள். விரல்களில் ஷூ ஒட்டும் பசையின் வாசனை அடிக்கும். முகம்கூடக் கழுவாமல் வெந்நீரில் உப்புப் போட்டு என் காலை அதில் வைப்பாள்.

பிறகு பயிற்சி. கட்டைவிரலால் காற்றில் எழுத வேண்டும். ஆஸ்பத்திரியில் ஏ, பி, சி, டி எழுதத்தான் சொல்லியிருந்தார்கள். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

"இங்கிலீஷ்ல இன்னாடி சுழி கீது? நம்ம 'இ' எழுது, கணுக்கால் தானா திரும்பும்."

'ஔ' வரும்போது வலியில் பாதியில் நிறுத்துவேன்.

"ஒ-வோட நின்னுட்டே? பக்கத்துல ள யாரு, உங்கப்பாவா வந்து போடுவாரு?"

கடைசியாகக் கைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து இரண்டு கணுக்கால்களையும் சுற்றி அளப்பாள். தேதி, வலது, இடது என்று நான் நோட்டில் எழுதுவேன். முதல் நாள் வலது பதினெட்டு சென்டிமீட்டர், இடது இருபத்தொன்றரை. இன்றுவரை நான் விடாமல் எழுதும் டைரிகளுக்கெல்லாம் அந்த நோட்டுதான் ஆரம்பம்.

அத்தைக்கு அப்போது காவேரிப்பாக்கத்து மாப்பிள்ளையோடு நிச்சயம் முடிந்திருந்தது. அந்த வீட்டில் பெண்களை வேலைக்கு அனுப்புவதில்லை. அத்தை ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். பாப்பாதான், அதாவது நான்தான், ஃப்ளவர் கேர்ள். சர்ச்சில் பாப்பா தனக்கு முன்னால் நொண்டாமல் பூத்தூவி நடக்க வேண்டும். அதுவரை கல்யாணம் கிடையாது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கல்யாணமே என் காலுக்காகக் காத்திருந்தது! அத்தை வீட்டில் இருந்தால் காலைத் தரையில் ஊன்ற விடமாட்டாள், இடுப்பில்தான் தூக்கிக்கொண்டு திரிவாள். அதனால் எல்லோரும் வேலைக்குப் போன பள்ளி லீவு நாள் பகல்களில் சுவரைப் பிடித்து நடந்து பழகினேன். அத்தைக்காகத்தான்.

"இன்னாம்மா, பாப்பாவுக்கு எப்டிக்கீது? மாப்பிள்ளை வீட்ல ஜாஸ்தி நாள் தாங்க மாட்டாங்க" என்று அப்பா வாரம் ஒருமுறை கேட்பார்.

"வீக்கம் இன்னும் வத்தலண்ணா. அவசரப்பட்டா கால் கோணிக்கும்."

அளவு இருபது ஆயிற்று. பிறகு பத்தொன்பது. ஒரு மாலை இரண்டும் பதினெட்டு. அத்தை நம்பாமல் இன்னொரு தடவை அளந்தாள். பிறகு டேப்பை மெதுவாகச் சுருட்டினாள். அதற்கடுத்த எட்டு நாளும் அதே பதினெட்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். "கால்ல அடிபட்டது பொண்ணுக்கான்னு எங்க ஊர்ல கேக்கறாங்க" என்று அண்ணி சிரித்தாள். காப்பித் தட்டோடு நின்ற அத்தை, "இன்னும் வீக்கம் இருக்குதுங்க, ரெண்டு மாசமாவது ஆவும்" என்றாள்.

அத்தை அளவைத் தப்பாகச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. நோட்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினேன்.

"இல்லப்பா. ஒம்போது நாளா ரெண்டும் பதினெட்டுதான். அத்தையேதான் அளந்தாங்க."

அதோடு விடாமல், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நடந்தும் காட்டினேன். அண்ணி கைதட்டினாள். "டாக்டர்கூட இப்டி எழுதமாட்டாரு" என்று அப்பா பக்கம் பக்கமாகப் புரட்டினார். அத்தை தட்டை வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். கணுக்காலை இரண்டு கைகளாலும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றே வாரத்தில் கல்யாணம். வெள்ளை கவுனும் பூக்கூடையுமாக வாசலிலிருந்து பீடம்வரை நாற்பத்தாறு அடி நடந்தேன். ஓர் அடிகூட நொண்டவில்லை. நோட்டில் அதுவும் இருக்கிறது. எனக்குப் பின்னால் நடந்து வந்தவளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

கல்யாணத்துக்குக் கம்பெனியில் பத்து நாள் லீவு கொடுப்பார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள் மாலை நானே வெந்நீர் கேட்டு வாங்கி, உப்பைப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு பஸ் தெருமுனையில் நின்றது. ஏழு பேர் இறங்கினார்கள். தண்ணீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். லீவு முடிந்தும் அத்தை ஏன் வரவில்லை என்று எனக்குப் புரியவில்லை.