களிமண் இல்லாத இடம்

பன்னிரண்டு மீட்டர். ஃபின்லாந்தின் அந்தச் சிற்றூருக்காக நிலத்தடி நீரோட்டத்தைக் கணினியில் கணக்கிட்ட ஹில்க்கா, நீரைக் கசியவிடாத களிமண் அடுக்குக்கு எங்கும் அந்தத் தடிமனையே கொடுத்திருந்தார். அதன் அடியில், பனிப்பாறைகள் விட்டுச்சென்ற சரளையிலிருந்து நகராட்சி நீர் இறைத்தாலும், மேலேயுள்ள வீட்டுக் கிணறுகள் வற்றாது என்று ஊர்க்கூட்டத்தில் உறுதி சொன்னார்.

பம்பு ஓடத் தொடங்கிய இரண்டாம் மாதம் விவசாயி தௌனோவின் கிணறு வற்றியது. பார்க்கப் போனார் ஹில்க்கா.

"வாம்மா! ஆவிக்குளியலுக்கு சவுனா சூடா இருக்கு, கல்லு மேல ஊத்தத்தான் தண்ணியில்ல. உன் கம்ப்யூட்டர்லேர்ந்து ஒரு வாளி அள்ளிக் குடேன்!"

ஹில்க்கா வற்றிய கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"உங்க நிலத்துல துளை போட்டே பாக்கலைங்க. ரெண்டு பக்கமும் களிமண் இருந்துச்சு, நடுவுலயும் இருக்கும்னு கணக்குல போட்டுட்டேன்."

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? கூட்டத்துல சொல்லு."

திங்களன்று சொன்னார். அன்றே பம்பை நிறுத்தினார்கள்.