சப்பாத்துத் தட்டு மறைத்த தமிழ்ப் பிரிவு

செங் என்ற ஊருக்குப் பக்கத்து நூலகம் ஒன்றில் தமிழ்ப் பிரிவை மாத இறுதியில் எடுத்துவிடப் போகிறார்களாம், யாரும் வருவதில்லையாம். கேட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. நேரில் பார்த்துவிடலாமென்று போன சனிக்கிழமை கிளம்பினேன்.

காலை எட்டரைக்குச் சுங்கை ரம்பாயில் காரை எடுத்தேன். மெர்லிமாவில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக், ஐந்து ரிங்கிட் அறுபது சென். நூலகத்தை அடைந்தபோது மணி பத்து, மீட்டரில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். கார் நிறுத்தக் கட்டணமில்லை, அதுவரை சந்தோஷம்.

வாசலில் தமிழ் நூல்கள் முதல் மாடியில் என்று மலாயில் ஒரு பலகை இருந்தது. ஏறினேன். மேலே பலகையே இல்லை. சாத்திய கதவு, பக்கத்தில் சப்பாத்து வைக்கும் தட்டு, கழற்றச் சொல்லி ஒரு காகிதம். பார்த்தால் முஸ்லிம்கள் தொழும் சூராவ் மாதிரியே இருந்தது. தொழுகிற இடத்தில் நுழைந்துவிடக் கூடாதே என்று தயங்கி நின்றேன்.

பின்னால் ஏறி வந்த ஓர் அக்கா தட்டைப் பார்த்ததும் திரும்பினார். பெயர் செல்வி, தொழிற்சாலை வேலை.

"என்ன தேடி வந்தீங்கக்கா?"

"தமிழ் புக்குதான் தம்பி. மேல சூராவ்தானே இருக்கு! மூனு லீவு நாளு வந்து இப்படியே எறங்கிப் போயிட்டேன்."

"கீழ கேக்கலயா?"

"கேட்டா மேலன்னு கைய காட்டுறாங்க. மறுபடி கேக்க வெக்கமாப் போச்சு."

கீழே போய் அதிகாரியான மலாய் அம்மாவை அழைத்து வந்தோம். சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். உள்ளே கம்பளம், ஆறு அலமாரி, அத்தனையும் தமிழ். கம்பளம் அழுக்காகக் கூடாதென்றுதான் அந்தத் தட்டு.

"அட கடவுளே!" என்று செல்வி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அவர் மூன்று முறை திரும்பிப் போனதை நான் மலாயில் சொன்னதும் அதிகாரியின் சிரிப்பு நின்றது.

"தமிழர்களுக்குப் படிக்க ஆர்வமில்லை என்றுதான் மேலிடத்துக்கு எழுதினேன்," என்றார்.

கோபம் வந்தது. கதவைத் தள்ளிப் பார்க்காத என்மீதும்தான்.

'தமிழ்ப் பிரிவு, சூராவ் அல்ல, உள்ளே வாங்க' என்று இரண்டு மொழியிலும் அட்டையில் எழுதி அங்கேயே ஒட்டினோம். முடிவை மாற்ற அந்த அம்மாவுக்கு அதிகாரமில்லை. வருகை நோட்டில் பெயர்கள் சேர்ந்தால், தள்ளிப்போடச் சொல்லிக் கேட்கலாம் என்றார்.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை ஒன்பது முதல் ஐந்து வரை திறந்திருக்கும். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கதவைத் தைரியமாகத் தள்ளுங்கள். புத்தகம் எடுக்காவிட்டாலும் பெயரை எழுதிவிட்டு வாருங்கள். மாத இறுதிக்குப் பதினோரு நாள் இருக்கிறது. நோட்டில் இதுவரை இரண்டு பெயர்.