நீளவால் காசித்தும்பை

எங்கள் குவார்ட்டர்ஸில் முன்பக்கம் கொல்லிமலை, பின்பக்கம் கல்வராயன்மலை. விருந்தாளிகளுக்கு வீட்டை நான் இப்படித்தான் சுற்றிக் காட்டுவேன். "எங்கங்க மலை? தொட்டிதான இருக்குது" என்பார்கள்.

தொட்டிகளில் இருந்தது காட்டுக் காசித்தும்பை. தாவரவியல் படித்த காலத்தில் இரண்டு மலைகளின் ஈரப் பாறைகளிலிருந்தும் விதை எடுத்தேன். கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தபோது நகைப்பெட்டியோடு அதுவும் வந்தது. இந்தப் பூவின் பின்னால் தேன் தங்கும் மெல்லிய வால் ஒன்று உண்டு. கொல்லிமலைப் பூவுக்கு அது நீளம். இலையின் அடியில் பூனைமுடியும் இருக்கும். கல்வராயன் பூவுக்கு வால் குட்டை, இலை வழவழப்பு. ஒரு காலத்தில் ஒரே குடும்பம்தான். நடுவில் கிடக்கும் சமவெளியின் வெயிலை இந்தச் செடி தாங்காது. காய் வெடித்தால் விதை கைக்கெட்டும் தூரம்தான் போகும். வண்டும் மலை விட்டு மலை போவதில்லை. ஒன்றையொன்று பார்க்காமலே எத்தனையோ காலம் இருந்ததில் ஆளுக்கொரு வால் வந்துவிட்டது.

அந்த வித்தியாசம் கலையாமல் காப்பாற்ற நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. இரண்டு பக்கமும் நிழலுக்குப் பந்தல் போட்டேன். பூக்கும்போது கொசுவலை கட்டி, பிரஷ்ஷால் நானே மகரந்தம் தொட்டுவைப்பேன். காய்த்ததும் செடி பட்டுப்போகும், பழைய விதையும் முளைக்காது. வருடா வருடம் புதிதாக எடுத்தாக வேண்டும்.

மகளின் பிரசவத்துக்காக ஒரு பூக்காலம் முழுவதும் பெங்களூரில் இருந்தேன். அங்கேதான் தோழியின் போன் வந்தது. கல்லூரியில் என்னோடு படித்தவள், இப்போது கொல்லிமலையில் டீச்சர்.

"நாம விதை எடுத்த பாறைய ரோட்டுக்காக ஒடைச்சுட்டாங்க. மலை பூரா தேடிட்டேன், நீளவால் எங்கயும் இல்ல. உன்கிட்ட இருக்குதில்ல?"

"இருக்கு. ஊருக்குப் போனதும் அனுப்பறேன்" என்றேன். அன்றைக்கு எனக்கிருந்த கர்வத்துக்கு அளவே இல்லை.

வீட்டுக்கு வந்தால், எல்லாத் தொட்டிகளும் வாசலில் ஒரே வரிசையில் நின்றன. கொசுவலையைக் காணோம். சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டு செடிகளையும் பார்த்துக்கொண்ட பெருமை என் கணவர் முகத்தில்.

"பின்னாடி பூத்தா யாரு பாக்கறது? அதான் முன்னால கொண்டாந்துட்டேன். வலைக்குள்ள வேகுதேன்னு கழட்டிட்டேன். விதைகூட எடுத்து வெச்சிருக்கேன்" என்று ஊறுகாய் பாட்டிலை நீட்டினார். எல்லா விதையும் அதற்குள் ஒன்றாகக் கிடந்தது.

"ஏங்க ரெண்டையும் சேத்தீங்க?"

"நீதான ரெண்டும் ஒரே செடின்னு எல்லார்கிட்டயும் சொல்லுவ?"

சொன்னேன்தான். அவர் திருநெல்வேலி, நான் சேலம். எங்கள் மகள் பேசுவது இரண்டு ஊர்ப் பேச்சும் இல்லை. எல்லா மாவட்டத்து ஆட்களும் ஒரே பிளாக்கில் குடியிருக்கும் டவுன்ஷிப்பில் சேர்த்து வைப்பது அவருக்கு நல்ல காரியமாகத்தான் பட்டிருக்கும். கோபத்தை யார் மேல் காட்டுவது?

வண்டு கலக்காமல் நாலைந்தாவது தப்பியிருக்கும் என்று விதைத்தேன். குட்டை வால் வந்தது, நடுத்தரம் வந்தது. நீளம் வரவில்லை. தோழியிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அதையே அனுப்பேன். எங்க ஸ்கூல் பிள்ளைங்களுக்குப் பூ பூத்தா போதும்" என்றாள். எனக்கு மனசு வரவில்லை. அந்த மலையில் என்றைக்குமே இல்லாததை அந்த மலையினுடையது என்று எப்படிக் கொடுப்பது?

அதிலிருந்து அவர் முதல் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் முன் தொட்டிகளின் பக்கத்தில் குனிந்து நிற்பார். ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதில்லை. பூக்களை மட்டும் புரட்டிப் பார்ப்பார்.

இந்த வருடம் ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டார். "இங்க வாம்மா. நீளந்தான இது?"

நீளம்தான், அதே வளைவு. இலையைத் திருப்பித் தடவினேன். பூனைமுடி இல்லை, வழவழப்பாக இருந்தது.

"அப்ப உன் சிநேகிதிக்கு அனுப்பிரலாம்ல?"

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது? "அடுத்த வருசம் பாக்கலாங்க" என்றேன்.

அவர் குனிந்து, நான் விட்ட இலையைத் தானும் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.